விடுதலைப் பத்திரம்

வலங்கைமான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில்
என் மேசை. சுவரில் உரிமம்.
மை தீர்ந்தாலும் குலுக்கிப் போட்டால்
பத்துப் பக்கம் தரும் பிரிண்டர்.

விடுதலைப் பத்திரம் எழுதணும் என்றார் கலியபெருமாள்.
தங்கச்சி எழுதிக் கொடுக்குது.
தங்கச்சி தில்லைநாயகி அவருக்குப் பின்னால்,
திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த முகத்தோடு.

மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் தாளுக்கு
விடுதலை என்று பேர் வைத்தவன் யாரோ.
இருபத்தெட்டு வருஷமாய்
அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில்
நடுவில் போடுகிறேன்.

எண்பத்தேழில் கும்பகோணத்தில்
ஒரு சைக்கிள் கடை மாடியில் நாலு பேர் கூடுவோம்.
கையால் சுற்றும் மெஷினில் பத்திரிகை,
நாற்பது பிரதி, விரலெல்லாம் நீலம்.
அடுக்களையும் அரசியல்தான் என்று
தலைப்புப் போட்டாள் ரெஜினாள்.
யாரும் சிரிக்கவில்லை.
அவள் கன்னத்தில் அன்று நாலு விரல் பதிந்திருந்தது.
பெண்ணுக்கும் சமபங்கு என்று
செங்காவி கரைத்துச் சுவரில் எழுதினேன் நான்.
கையெழுத்து அழகு என்றார்கள்.
பிற்பாடு சோறு போட்டது அதுதான்.

ரெண்டே வருஷத்தில் சட்டம் வந்தது.
அந்தப் பங்குனிக்கு முன்னால்
கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இல்லை என்று
அதில் ஒரு வரி.
எனக்கு மாசியில் கல்யாணம்.

தில்லைநாயகி தாளை வாங்கி
விரல் வைத்துப் படித்தாள். நின்றாள்.
"முழு மனதுடன்னு போட்டிருக்கே,
அதை எடுத்துடலாமா?"
கலியபெருமாள் செல்போனைப் பார்த்துக்கொண்டார்.
"கையெழுத்துப் போடுறேன்.
அண்ணன் வேணும், பொறந்த வீட்டு வாசல் வேணும்,
எம் பொண்ணு காது குத்துக்குத் தாய்மாமன் வேணும்.
போடுறேன். அந்த வார்த்தை மட்டும் வேணாம்."

கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கற வாசகம்மா என்றேன்.
என் குரல் எனக்கே
கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

ரெண்டாவது சாட்சி வரவில்லை.
பென்ஷன் மனு எழுத வெயிலில் நின்ற வேம்புவை
கையசைத்துக் கூப்பிட்டார் கலியபெருமாள்.
அவர்கள் வயலில் நடவு நடுகிறவள்.
நான்கெல்லை படித்தேன்:
வடக்கே வாய்க்கால், கிழக்கே பொது வரப்பு...
"அந்த வரப்ப போன வருஷமே வெட்டிட்டாங்க.
ஈசான மூலையில தண்ணி நிக்கும்,
நாத்து அழுவும்" என்றாள் வேம்பு.
"எந்த மூலை?" என்று கேட்டாள் தில்லைநாயகி,
அவள் விடுதலை செய்யும் மூணு மா நிலத்தை
ரோட்டிலிருந்து மட்டுமே பார்த்தவள்.

ஆணுக்குப் பெண்ணுக்கு ஒரே கூலி என்று
வேம்புவின் தெருக்காரர்கள் அந்த மாடியைத் தாண்டி
ஊர்வலம் போனது நினைவிருக்கிறது.
ஜன்னலிலிருந்து கை தட்டினோம்.
பதினாலு படி. இறங்கியிருக்கலாம்.

வேம்பு அறிவொளியில் கற்ற கையெழுத்தை
எழுத்தெழுத்தாய் வைத்தாள்.
பேனாவை மூடித் தந்துவிட்டு
கலியபெருமாளைக் கேட்டாள்,
"இனிமே நடவுக்கு மெஷினா வருங்க?"
அவர் பதில் சொல்லவில்லை.

அதற்கு முன்பே
முழு மனதுடன் என்ற இடத்தில் கர்சரை வைத்து
பின்னோக்கி அழித்திருந்தேன்.
மனதறிந்து என்று போட்டேன்.
அதுவும் பொய்யில்லை.

உள்ளே அதிகாரி கேட்டார், சம்மதம்தானே?
"எழுதியிருக்கற அளவுக்கு" என்றாள் தில்லைநாயகி.
அவர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.
பனியன் கம்பெனியில் தேய்ந்த கட்டைவிரலை
மெஷின் மூணு தரம் ஏற்கவில்லை.
நாலாவது தரம் ஏற்றது.

சாயங்காலம் ரெஜினாளுக்கு அனுப்பினேன்:
இன்னிக்கு ஒரு வார்த்தையை எடுத்தேன்.
ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்தது.
மணி நாலரை.
குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டதாய்
யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்.
ஷட்டரை இறக்கும்போது மறுபடி போன் அதிர்ந்தது.
எந்த வார்த்தை?